மோட்டார் காலில் பிள்ளையார்

எனக்குக் கோபமே வராது, ஐயா. டீயில் சர்க்கரை போட மறந்தால்கூட அப்படியே குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவன் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்வது மோட்டார் கால். பனியன் கம்பெனிகளில் துணி ரோல் சுமக்கிறவர்களுக்காக நானே வடிவமைத்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம், முழங்கால்களில் மோட்டார், முதுகில் சுமைப் பலகை. பாரமெல்லாம் சட்டம் வழியாகத் தரைக்குப் போய்விடும். மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

எதிரே பனியன் கம்பெனி வைத்திருக்கும் பழனிமுத்து, தினமும் தன் டெம்போவை என் பட்டறை வாசலை மறித்து நிறுத்துவார். கேட்டால், "அஞ்சே நிமிசங் கண்ணு" என்பார். அந்த ஐந்து நிமிஷம் வருஷக்கணக்காக நடக்கிறது. நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவர் வாசலும் ஒருநாள் மறிபட்டால் அவருக்கே புரியும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீதிக் கோயிலுக்குத் திருமுருகன்பூண்டியிலிருந்து புதுப் பிள்ளையார் சிலை வந்தது. லாரி வீதிக்குள் நுழையாது. மெயின் ரோட்டில் தூக்கினால் பீடத்தில்தான் இறக்க வேண்டும். வழியில் இறக்கினால் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மோட்டார் காலைத் தருகிறேன் என்றேன். எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதை மாட்டிக்கொண்டவர் லோடுமேன் ஜெயபாண்டி. உசிலம்பட்டிக்காரர், தங்கமான மனிதர். அன்று காலை பக்கத்து மண்டபத்தில் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள்.

"சட்டுனு முடிஞ்சிருமாண்ணே?" என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன்.

பழனிமுத்துவின் கேட்டுக்கு நேரே வந்ததும் என் போனில் ஒரு பட்டனைத் தொட்டேன். கால்கள் நின்றபடி பூட்டிக்கொண்டன. மோட்டார் சூடாகிவிட்டது என்று சொன்னேன்.

சிலையை இறக்காமல் ஜெயபாண்டியைக் கழற்ற முடியாது. இறக்கினால் பழனிமுத்துவின் வாசலில் கோயில். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கோ கேட்டுக்கு உள்ளே. "ஆரும் எறக்கிராதீங்க, எம்பொழப்பே போயிருமுங்க" என்று பழனிமுத்து சிலையின் அடியைத் தாங்கிப் பிடித்துக் கெஞ்சினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நிறைவாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பெரியாத்தாள் என்ற அம்மாள் சிலைக்கு ஒரு குடம் பால் ஊற்றினார். பாதி ஜெயபாண்டியின் தலையில் வழிந்தது. யாரோ அவர் கழுத்திலும் அருகம்புல் மாலை போட்டார்கள். ஒரு பெண் அவரிடமே மகளின் ஜாதகத்தைக் காட்டி, கல்யாணம் எப்போது கூடும் என்று கேட்டாள்.

"மருமக காத்துக் கெடக்காண்ணே. என்னைய மட்டும் உருவி விடுங்கண்ணே" என்றார் அவர்.

"பொறுங்க, ஆறட்டுமுங்க" என்று முழங்காலுக்கு விசிறிவிட்டேன்.

நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் அவர் தங்கச்சி விஜயராணி, மொட்டை போட்ட குழந்தையோடும் ஆசாரியோடும் வீதிக்கே வந்துவிட்டாள். "மடி இல்லாம எப்படிண்ணே?" என்று அழுதாள். ஜெயபாண்டியும் அழுதார். என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. பட்டனைத் தொட்டேன். நாற்காலியில் உட்காருவது போல முழங்கால்கள் மடங்கின. முதுகில் பிள்ளையார் அசையக்கூட இல்லை. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது, குத்தினார்கள், வீறிட்டது. என் வேலைப்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

கெட்டுப்போன கால் எப்படி மடங்கியது என்று வீதியே என் போனைப் பார்த்தது. அதனால்தான் இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சரக்குக்குக் கப்பல் தவறும்வரை ஜெயபாண்டியை விடுவதாக எனக்கு எண்ணமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குழந்தை இறங்கியதும் அவரை மறுபடி நிமிர்த்திப் பூட்டியதைப் பெரிய கொடுமையாக எழுதுகிறீர்களே, அது நியாயமில்லை. ஒரு மனிதரை எவ்வளவு நேரம்தான் அப்படிக் குந்த வைத்திருப்பது? முழங்கால் வலிக்காதா?