வயித்துல ஒட்டுன பை

அந்தப் பாட்டில இங்கிட்டுக் குடுங்கக்கா மொதல்ல. முழுசுமா குடிச்சுப்புட்டான்? போச்சு போங்க. டேய் சந்தோசு, எந்திரிக்காத, அப்புடியே படு. பாருங்க, பை பிச்சுக்கிட்டு ட்ரவுசரெல்லாம் ஓடுது.

கேப்பான், தாகம்னு கேக்கத்தான் செய்வான். அதுக்காக ஆரஞ்சு கலர வாங்கியா ஊத்துறது? இனிப்புத் தண்ணி உள்ள போனா ஒடம்புல இருக்க தண்ணியையும் இழுத்துக்கிட்டு வெளிய கொட்டும்க்கா. வெறுந்தண்ணியும் நெறைய ஆவாது, உப்பெல்லாம் போயிரும். டாக்டரு சொன்ன ஓஆர்எஸ் பவுடரு தண்ணிதான், அதுவும் கொஞ்சங் கொஞ்சமா. அப்பறம் உப்புப் போட்ட கஞ்சி.

நாத்தமா? நாறத்தான் செய்யும். கொடலு அழுகிப்போச்சுன்னு வெட்டிப்புட்டு, மிச்சத்த வயித்து வழியா வெளிய எடுத்து விட்டுருக்காங்க. தின்னது பீயாக்கூட ஆகாம மஞ்சத் தண்ணியா இந்தப் பையில வந்து விழும். தோலுல பட்டா வெந்து போவும். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே இவன் வயித்துல பை இருந்துச்சு. மொத தடவ பை மாத்திட்டு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். இப்பவும் கொமட்டும். பொய் என்னத்துக்கு? எத்தன சோப்பு போட்டாலும் சோத்துல கைய வச்சா அந்த வாடதான்.

ஆனா அதவிட அசிங்கம் மனுசங்கதான். குடுமியான்மலையில ஒரு காதுகுத்து. பாவம் புள்ளன்னு ரோஸ்மில்க்கா ஊத்தி விட்டாய்ங்க. பை வழிஞ்சதும் த்தூன்னு துப்பிக்கிட்டே எலைய விட்டு எந்திரிச்சுப் போறாய்ங்க, ஊத்துனவய்ங்களே! புள்ள கண்ணு குழி விழுந்து, ஒன்னுக்கே போகாம தொவண்டுட்டான். தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஓடுனேன். ஆஸ்பத்திரியில பாட்டில் ஏத்தித்தான் பொழச்சான்.

விடுங்க, நீங்க தொட வேணாம். ஒங்களால முடியாது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

இந்தா சாமி, ஒரு வாய் குடி. உப்பாத்தான் இருக்கும், முழுங்கு. ம்... நாக்கு ஈரமாத்தான் இருக்கு. சாயந்தரம் வரைக்கும் பாப்போம். ஒன்னுக்குப் போகலைன்னா கெளம்ப வேண்டியதுதான்.

கண்ணசந்துட்டான், அதான் சொல்றேன். யாரும்மா இவுங்கன்னு காலையிலேர்ந்து கேக்குறான்க்கா. ஆலங்குடியில தெரிஞ்சவுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். கைப்புள்ளையில விட்டுட்டுப் போனது, ஒங்க மொகம் அவனுக்கு எப்புடித் தெரியும்? பெத்தவ நாந்தான்னு சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்கங்க, நான் குறுக்க வர மாட்டேன்.

செத்த இருங்க, இந்தப் பைய மாத்தி முடிச்சிர்றேன்.