கடைஞ்சா போதும்

இந்த நாற்காலி ஆடுது சார். அதுக்காகத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்னங்கால்ல ஒரு ஸ்க்ரூ லூஸ், அவ்வளவுதான். ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுத்தா பேசிக்கிட்டே முடுக்கிடுவேன். வேண்டாமா? சரி, உங்க இஷ்டம்.

ஆடுதுன்னு சொல்லி ஒரு பொருளைத் தூக்கி எறியறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் பட்டறைக்கு வர்றவங்க பாதிப் பேர் அந்த ரகம். பிரேக் அடிச்சா ஸ்டியரிங் நடுங்குதுன்னு வருவாங்க. டிஸ்க்கை மாத்தியே ஆகணும்னு எவனாவது பயமுறுத்தி அனுப்பியிருப்பான். சக்கரத்தோட சுத்துற அந்த இரும்புத் தட்டு சூட்டுல லேசா மேடு பள்ளமாகியிருக்கும், வேற ஒண்ணும் இல்ல. லேத்துல மாட்டி ரெண்டு முகத்தையும் ஒரு இழை கடைஞ்சு எடுத்தா வழவழன்னு ஆயிடும். 'கடைஞ்சா போதும்'னு வாய்க்கு வாய் சொல்லி அதுவே எனக்குப் பட்டப்பேரா நின்னுபோச்சு. 'கடைஞ்சா போதும் இருக்காரா'ன்னு கேட்டுக்கிட்டு வருவாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே எட்டிப் பார்ப்பேன்.

குடும்பமும் அப்படித்தான்னு நம்புறவன் நான். என் மச்சினனுக்கும் எனக்கும் ஒத்துப்போகாதது அதுலதான்.

என் வீட்டுக்காரியோட தம்பி அவன். நல்ல பையன், செத்துப்போனவனைப் பத்தி நான் குறை சொல்லமாட்டேன். ஆனா எதையும் மாத்திக்கிட்டே இருக்கிற ஆள். வேலையை மாத்துவான், வீட்டை மாத்துவான். வேகத்துக்குன்னே செஞ்ச ஒரு காரை வாங்கி, அதைத் தலையில தூக்கி வச்சு ஆடினான். அதோட டிஸ்க்ல வரிசையா துளை போட்டிருக்கும். சூடு சீக்கிரம் ஆறட்டும்னு செய்யறது. பார்க்கவும் லட்சணமா இருக்கும்.

அவன் அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பிச்சதும்தான் என் வீட்டுக்காரி மாறினா. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா உள்ள பேச்சு நின்னுடும். போய்ப் பார்த்தா அக்காவும் தம்பியும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. பழுதை மறைச்சு வண்டி விற்க வர்றவங்க சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு நல்லாத் தெரியும்.

நான் சந்தேகப் பிராணி இல்ல சார். கவனமா இருப்பேன், அது தொழில் பழக்கம். அவ ஸ்கூட்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு தினமும் சாயங்காலம் பார்ப்பேன். கடைக்குப் போய் வர எவ்வளவு ஓடும்னு எனக்குத் தெரியாதா? கூட ஓடியிருந்தா ஏன்னு கேட்பேன். பதில் வர்ற வரைக்கும் நானும் சாப்பிட உட்கார மாட்டேன், அவளையும் உட்கார விட மாட்டேன். வெளிக்கதவுச் சாவி என்கிட்டதான் இருக்கும். அவ மறதிக்காரி, தொலைச்சிடுவா. போன வருஷம் அவ கை உடைஞ்சதைப் பத்தி யாரோ உங்ககிட்ட என்னமோ சொன்னாங்களாம். படியில விழுந்தேன்னு டாக்டர்கிட்ட அவ வாயாலயே சொல்லியிருக்கா. விசாரிச்சுக்குங்க.

ஒரு மழை நாள் ஸ்கூட்டர் நின்ன இடத்தை விட்டு அசையல. அன்னிக்குக் கதவை வெளியில பூட்டிட்டுப் போனவனும் நான்தான். ஆனா அவ செருப்பு நனைஞ்சிருந்தது. இன்னொரு சாவி இருக்குன்னு அப்பதான் புரிஞ்சது. யார் செஞ்சு குடுத்திருப்பான்னு கூட்டிக் கழிச்சுப் பார்க்கவே வேண்டாம். அன்னிக்கு மட்டும் கேள்வி எதுவும் கேட்காம சாப்பிட உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் மச்சினன் காரை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்கு வந்தான்.

"அத்தான், பிரேக் அடிச்சா ஸ்டியரிங் உதறுது. முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் புதுசு போட்டுடுங்க. ஊருக்குப் போறேன், மலை இறங்கணும்."

"தனியாவா?"

"ஆமா அத்தான், தனியாத்தான்" அப்படின்னான், சாவிக்கொத்தை உருட்டிக்கிட்டே.

வேற பட்டறைக்குப் போயிருக்கலாம். போனா எனக்கு மூக்குல வேர்க்கும்னு பயந்திருப்பான். எப்பவும் போல நடந்துக்கணும்னுதான் என்கிட்ட வந்திருக்கான். பாவம்.

"புதுசெல்லாம் எதுக்குடா, கடைஞ்சா போதும்."

"துளை போட்டதைக் கடையக்கூடாதுன்னு சொல்றாங்களே அத்தான்?"

"எவன் சொன்னான்? உங்க அக்காவைக் கட்டினவன் சொல்றேன், கேளு."

சிரிச்சுட்டான். டிஸ்க்கைக் கழட்டி அளந்தேன். இதுக்குக் கீழ தேய்ஞ்சா தூக்கிப் போடுன்னு ஒவ்வொரு டிஸ்க்கோட விளிம்புலயும் ஒரு எண் குத்தியிருக்கும். அது ஏற்கெனவே அந்த எண்ணுக்கு வந்தாச்சு. ஒரு இழைகூட எடுக்க இடமில்ல. நான் மாட்டினேன், கடைஞ்சேன். இன்னொரு இழை எடுத்தேன், அப்புறம் இன்னொண்ணு. லேத் சத்தத்துல மனசு அமைதியாச்சு. மெலிஞ்ச டிஸ்க் தெருவுல ஒண்ணும் செய்யாது சார். மிதிச்ச இடத்துல நிக்கும். நீளமான இறக்கத்துல விடாம மிதிக்கிறப்பதான் சூடு தாங்காம துளைக்குத் துளை விரிசல் விடும்.

உங்க நிபுணர் ஒரு கேள்வி கேட்டாராம், பிரேக் பேட் படாத விளிம்பை எதுக்குக் கடைஞ்சிருக்குன்னு. அது நான் எதிர்பார்க்காத கேள்வி. விளிம்பைத் தொடாம விட்டிருந்தா, ஏதோ கஞ்சத்தனத்துல கை தவறின மெக்கானிக்குன்னு போயிருக்கும். அந்த எண்ணு என்னையே பார்த்துக்கிட்டிருந்த மாதிரி இருந்தது, சீவி எடுத்துட்டேன். ஆமா, நான்தான். எழுதிக்குங்க.

ஆனா அவனுக்கு ஒரு பாடம் புகட்டணும்னுதான். அவ அந்த வண்டியில போவான்னு எனக்குத் தெரியாது. இதையும் எழுதிக்குங்க.

வேலை முடிஞ்சதும், கடைஞ்சவனே ஓட்டணும், சொந்தக்காரரைப் பக்கத்துல உட்கார வைக்கணும். அது என் பட்டறை வழக்கம். அன்னிக்கும் மீறல. பக்கத்து சீட்ல மச்சினன் உட்கார்ந்ததும் முட்டி முன்னாடி இடிச்சது. யாரோ குள்ளமான ஆளுக்காக சீட்டை முன்னுக்கு இழுத்து வச்சிருந்தது. என் வீட்டுக்காரி என் தோளுக்குக்கூட வரமாட்டா. அவன் சீட்டைப் பின்னாடி தள்ளிக்கிட்டான். பெல்ட்டை இழுத்தான், வரல.

"இது ரொம்ப நாளா சிக்கிக்கிட்டுக் கிடக்கு, விடுங்க அத்தான்."

தெருவைச் சுத்தி வந்தோம். ஸ்டியரிங் கொஞ்சம்கூட நடுங்கல. "கை வேலைன்னா உங்க வேலைதான் அத்தான்" அப்படின்னான். மனசாரத்தான் சொன்னான். சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கச் சொல்லி அனுப்பிட்டேன்.

மறுநாள் மலை இறங்கும்போது நடந்தது உங்களுக்கே தெரியும். அவன் போயிட்டான். அவளுக்குக் கால்ல மட்டும்தான் அடி. ஆஸ்பத்திரியில போய் நின்னேன், என் முகத்தைப் பார்க்கமாட்டேன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. அதுதான் சார் என்னால தாங்க முடியல. அவளுக்காக நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்னு அவளுக்கே தெரியல.

அதுக்கு முந்தின நாள், வண்டியை விட்டுட்டு அவன் பட்டறையிலிருந்து கிளம்பினதும் நான் சும்மா உட்காரல. பக்கத்து சீட்டைக் கழட்டி, பெல்ட்டைப் பிரிச்சு, சிக்கலை எடுத்து, இழுத்து இழுத்துப் பார்த்து மாட்டினேன். சீட்டையும் பழையபடி முன்னுக்கு இழுத்து வச்சேன். மத்தியானச் சாப்பாடுகூட மறந்துபோச்சு. டிஸ்க்கை மாத்தவும் நேரம் இருந்ததேன்னு கேட்கிறீங்க. இருந்தது. அந்த சீட்ல யார் உட்காருவான்னு நினைச்சு பெல்ட்டைச் சரி பண்ணினேன்னும் கேட்கிறீங்க. அவதான் சார். வேற யார் உட்காருவா? கெடுதல் நினைக்கிறவன் அதைச் செய்வானா? அவ இன்னிக்கு உயிரோட இருக்கிறது என்னாலதான். நான் சொன்னா கேட்கமாட்டா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.

கால் சரியானதும் அவ வீட்டுக்குத்தான் வந்தாகணும். என் பாக்கெட்ல இருந்த சாவியை வாங்கி வச்சிருக்கீங்களே, அதை மட்டும் அவகிட்ட குடுத்துடாதீங்க சார். தொலைச்சிடுவா.