ஊசியா, அம்மனா?

ஒட்டுசுட்டான் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த இரு பெண்களில் ஒருவர், தன் கணவரின் சுரப்பியைத் திட்டிக்கொண்டு வந்தார்.

"மண்வெட்டி வெட்டின காயத்துக்கு உழவு மெசின் ஒயிலைப் பூசினவர். கிருமி ரத்தத்தில ஏறி, பிரசர் விழுந்திட்டுது. அந்த நேரம் உடம்பைத் தாங்கவெண்டு சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்காம். அது நல்ல நித்திரை. அவரை மாதிரியே."

"பிறகு?"

"அது சுரக்கிறதை ஊசியில ஏத்தினவை. நான் அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான், இவர் எழும்பினால் சாராயத்தை விடுவார் எண்டு."

"விட்டிட்டாரோ?"

"எங்க! தன்னைக் காப்பாத்தினது ஊசியாம், அம்மன் இல்லையாம். டொக்டரிட்டையே போய்க் கேட்டவர்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"அந்த ஊசி போட்டும் எழும்பாத ஆக்கள் கனபேராம். அண்டு தொடக்கம் டொக்டரும் அம்மன்ர ஆள் எண்டு இவருக்குக் கோவம்."