நசுங்காத குழாய்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். எழுதித் தருகிறவன் தன் புத்தியையும் கொஞ்சம் கலந்துவிடுவான்.

பெயர் சுயம்பு. வீடு தாராவி. குர்லாவில் நாகூர் கனி பாயின் பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவன். ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சின்ன விசிறி உண்டு. இன்ஜினிலிருந்து அதுவரை போய் அதைச் சுற்றுவது ஒரு நீளத் தண்டு. தண்டு போனால் வண்டி பம்பரம்தான். புது ஹெலிகாப்டர் ஒன்றைச் சோதிக்க அந்தத் தண்டு வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். நான் இரும்பில் கடைந்து வைத்தேன்.

பாயின் மகள் ஷைஸ்தா, இன்ஜினியர், கனம் என்று அதை ஓரம் தள்ளினாள். கார்பன் நூலைப் பிசினில் தோய்த்து, சுற்றி, சூட்டில் இறுக்கி ஒரு கறுப்புக் குழாய் செய்தாள். அதன் இரண்டு முனைக்கும் இரும்பு மூட்டு கடைவது மட்டும் எனக்கு. குழாயை ஒரு விரலில் தூக்கிக் காட்டினாள். ஒரு விரலில் தூக்குகிற சாமானுக்கு எங்கள் வீட்டில் துடைப்பம் என்று பெயர்.

பட்டறையில் ஒரு சட்டமும் போட்டாள். குழாய் விழுந்தாலோ, எதிலாவது இடித்தாலோ சிவப்புச் சீட்டு கட்டித் தனியே வைத்துவிட வேண்டும். கட்டியவனை யாரும் ஏசக்கூடாது. தப்புக்கு ஏச்சு விழாத பட்டறை உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

உள்ளே பழுது இல்லை என்று கடைசி ஸ்கேனும் முடிந்து குழாய் பெட்டிக்குப் போகவேண்டிய வெள்ளிக்கிழமை, பாயும் மற்றவர்களும் தொழுகைக்குப் போனார்கள். ஷைஸ்தா சாப்பிடப் போனாள். நான் பெரிய சுத்தியலில் பழந்துணி சுற்றிக் குழாயின் நடுவில் அடித்தேன். உடைந்து பல்லிளிக்கும், அவளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். ஒரு கீறல் இல்லை. அது என்னைக் கேலி செய்வதுபோல இருந்தது. அதே இடத்தில் இன்னும் நாலு போட்டேன். துணி சுற்றியது சத்தம் கேட்காமல் இருக்கத்தான்.

ஷைஸ்தா வந்து குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, இதுல எதுவும் படலல்லா? பட்டா வெளிய தெரியாது. உள்ள அடுக்கடுக்கா பிரிஞ்சிரும்."

"ஒந் துடைப்பத்த நான் எதுக்குத் தொடுதேன்?"

சிரித்தாள். "அடுத்த மாசம் இந்தத் துடைப்பத்த நம்பித்தான் நானே ஏறப்போறேன். மீட்டர் பாக்க ஆள் வேணுமாம்."

பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான்தான். அதற்கப்புறம் இருபத்திரண்டு நாள் இருந்தது. அவள் நம்பர் என் போனில் இருந்தது. நடுவில் ஒருநாள் அவள் அம்மா ஷரீஃபுன்னிசா பிரியாணி கொடுத்துவிட்டாள். சாப்பிட்டேன். உப்பு பத்தவில்லை.

மேலே போன பதினோராம் நிமிஷம் குழாய் பிரிந்தது. பைலட் ஷகீலும் அவளும் போய்விட்டார்கள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாய் என் தோளில் சாய்ந்துதான் அழுதார். ஆனால் விசாரணைக்கு வந்த படித்தவன்கள், முனையில் இருந்த இரும்பு மூட்டு விட்டுப்போயிருக்கும் என்று எழுதப் போகிறான்களாம். அது நான் கடைந்த மூட்டு. அதில் குற்றம் சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். அடித்தது நான். ஐந்து அடி, நடுவில், துணி சுற்றி.

இரும்பாக இருந்தால் முதல் அடியிலேயே நசுங்கிக் காட்டியிருக்கும். அவளும் பார்த்திருப்பாள், பிழைத்திருப்பாள். அடிபட்டதை வெளியே சொல்லாத சாமானை நம்பினால் இப்படித்தான்.