நாலு நிமிஷம் முன்னால

கடிகாரக்காரர்: ...இல்ல மேடம், புரியலைன்னுதான் கேக்கறேன். நான் விட்டத்தைப் பாத்துப் படுத்துக்கணும். நீங்க தலைமாட்டுல உக்காந்து 'ம்' கொட்டணும். இதுக்குப் பேரு மனசு வைத்தியமா?

டாக்டர்: ம்.

கடிகாரக்காரர்: பாத்தீங்களா, கொட்டிட்டீங்க!

டாக்டர்: மனசுல என்ன வருதோ அதைச் சொல்லுங்க.

கடிகாரக்காரர்: சீலிங்ல ஒரு விரிசல் இருக்கு. அதான் வருது.

டாக்டர்: எட்டு வாரமா அந்த விரிசலைப் பத்தித்தான் பேசறீங்க.

கடிகாரக்காரர்: அது பாவம், எதிர்த்துப் பேசாது.

டாக்டர்: யாரு எதிர்த்துப் பேசுவாங்க?

கடிகாரக்காரர்: வந்துட்டீங்களா! எங்க சுத்தினாலும் என் பொண்டாட்டிகிட்டதான் கொண்டுவந்து விடுவீங்க... சொல்லாம கொள்ளாமப் போனவளைப் பத்தி என்ன பேச?

டாக்டர்: சனிக்கிழமை வர்றாங்கன்னீங்க.

கடிகாரக்காரர்: மிச்சத் துணிமணியை எடுக்க வர்றா. என் அழகைப் பாக்க இல்ல.

டாக்டர்: நீங்க என்ன சொல்லப்போறீங்க?

கடிகாரக்காரர்: "வா"ம்பேன். "தண்ணி வேணுமா"ம்பேன். பெட்டி கனமா இருந்தா நானே தூக்கி வண்டியில வைப்பேன். இருபத்திரண்டு வருஷமா நான் ரொம்ப நல்லவன் மேடம். சோத்துல உப்பு இல்லாட்டியும் அருமைன்னு சாப்பிடுவேன்.

டாக்டர்: அவங்களுக்கு அது பிடிச்சுதா?

கடிகாரக்காரர்: "சுவத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு"ன்னா. எந்தச் சுவரு உப்பில்லாம சாப்பிடும், சொல்லுங்க!

டாக்டர்: ம்.

கடிகாரக்காரர்: சிரிக்கலாம் மேடம். ஜோக்குதான்.

டாக்டர்: நேரமாயிடுச்சு. அடுத்த வாரம் பாக்கலாம்.

கடிகாரக்காரர்: ஓ... சரி. வர்றேன்.

டாக்டர்: செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறீங்களே?

கடிகாரக்காரர்: இல்ல... ஒண்ணுமில்ல.

டாக்டர்: ஒண்ணுமே இல்லையா?

கடிகாரக்காரர்: உங்க சுவர்க் கடிகாரம்... நாலு நிமிஷம் முன்னால இருக்கு. எனக்கு இன்னும் நேரம் இருக்கு.

டாக்டர்: எப்பலேர்ந்து தெரியும்?

கடிகாரக்காரர்: முப்பது வருஷமா கடிகாரம் ரிப்பேர் பண்றவன்கிட்ட கேக்கற கேள்வியா இது! முதல் நாளே தெரியும். வாராவாரம் படி இறங்கறப்ப உங்களைத் திட்டிக்கிட்டேதான் போவேன். மனசுக்குள்ள.

டாக்டர்: ஏன் வாய்விட்டுச் சொல்லல?

கடிகாரக்காரர்: சொல்லி... இனிமே வராதேன்னுட்டீங்கன்னா?

டாக்டர்: இப்ப சொல்லிட்டீங்க. நான் ஒண்ணும் துரத்தலையே. உக்காருங்க... அந்தக் கடிகாரம் முந்தி ஓடறது எனக்கும் தெரியும்.

கடிகாரக்காரர்: என்னது?

டாக்டர்: மூணாவது வாரத்துலேர்ந்து தெரியும். கிளம்பறப்பெல்லாம் அதை ஒரு பார்வை பாப்பீங்க. வாயைத் திறப்பீங்க, மூடிக்குவீங்க. நீங்களா சொல்லட்டும்னு காத்திருந்தேன்.

கடிகாரக்காரர்: தெரிஞ்சேவா! ரொம்ப நல்லா இருக்கு மேடம் உங்க வைத்தியம்!

டாக்டர்: கோவமா?

கடிகாரக்காரர்: பின்ன? கோவந்தான்!

டாக்டர்: நல்லது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

கடிகாரக்காரர்: வந்து... என் பொண்டாட்டி விஷயம்.

டாக்டர்: ம்.

கடிகாரக்காரர்: சொல்லாம கொள்ளாமப் போனான்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அது பொய் மேடம். சொல்லிட்டுத்தான் கிளம்பினா. பெட்டியோட வாசல்ல நின்னா... சரியா நாலு நிமிஷம். நான் கடிகாரத்துக்குச் சாவி குடுத்துக்கிட்டு இருந்தேன், முள்ளு என் கண்ணு முன்னாலதான் நகர்ந்துச்சு. எதுக்கு நிக்கறான்னு எனக்கு நல்லாத் தெரியும். 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை... சாவியை முழுசா முறுக்கி முடிச்சிட்டுத் திரும்பினேன். வாசல்ல யாரும் இல்ல.