சோக்கு வட்டம்

உதயரூபன்: இன்னொருக்கா அளந்து பார் கேதீஸ். உன்ர அளவு மிசின்தான் பிழை.

கேதீஸ்வரி: பிழைதான் எண்டு என்ர புருசன் சொல்றாரெண்டு எழுதட்டா?

உதயரூபன்: பம்புக் கூடு என்ன சோக்கா இரிக்கி! தடவிப் பாரன்... அதென்ன கையில வெள்ளை?

கேதீஸ்வரி: மா... காலம பிட்டவிச்ச மா.

உதயரூபன்: கழுவாமலா வேலைக்கு வந்த?

கேதீஸ்வரி: என்ர கைய விடுங்க! இந்தக் கூட்டில இரிந்த மொட்டெல்லாம் எங்க?

உதயரூபன்: எந்த... மொட்டு?

கேதீஸ்வரி: அடியில மூண்டு, பக்கத்தில ரெண்டு, தலைமாட்டில ஒண்டு.

உதயரூபன்: ஓ... அந்தப் பரு மாதிரி...

கேதீஸ்வரி: பருவா! வார்த்த இரும்பு முழுக்க மேடும் பள்ளமும். கண்ட இடத்தில தொட்டா மிசின் கண்டதையும் சொல்லும். அந்த ஆறையும் தொட்டாத்தான் கூடு எப்பிடிக் கிடக்கெண்டு அதுக்கு விளங்கும். மூண்டு கல்லில்லாம அடுப்பில பானை இரிக்குமா?

உதயரூபன்: நம்மட வீட்டில கேஸ்தானே...

கேதீஸ்வரி: கதைய மாத்தாதீங்க. மொட்டத் தின்னது ஆரு?

உதயரூபன்: வாவியில முதலை இரிக்கிதானே...

கேதீஸ்வரி: முதலை கிரைண்டர் பிடிக்குமா? ஐயோ, முதலாளி வாறார்!

அசனார்: என்ன புள்ள, அளந்து முடிஞ்சா?

கேதீஸ்வரி: மிசின் கொஞ்சம் சூடாகி... முதலாளி...

அசனார்: ஏசி அறைக்குள்ளயா? உதயா, நீ என்னத்துக்குக் கூட்டக் கட்டிப்பிடிச்சிக்கி நிக்கிற? தா இஞ்ச... யா அல்லாஹ்! மொட்டெல்லாம் மொட்டை!

உதயரூபன்: இது ஒண்டுதான் முதலாளி...

கேதீஸ்வரி: ஒண்டுதானா?

உதயரூபன்: ...இல்ல. எல்லாக் கூட்டிலயும்.

அசனார்: நாளைக்குச் சாமான் போகோணும்! எல்லாத்தையும் உருக்கி மறுகா வார்க்கிறதா? தேச்சவன் ஆரோ, அவன் இப்பவே வீட்டுக்கு!

கேதீஸ்வரி: முதலாளி, அவசரப்படாம...

உதயரூபன்: நான்தான் தேச்சன். ஆனா நானா தேய்க்கல்ல! ஒவ்வொரு மொட்டச் சுத்தியும் ஆரோ வெள்ளைச் சோக்கால வட்டம் போட்டிரிந்த. நம்மட பட்டறையில வட்டம் போட்டா என்ன அர்த்தம்?

அசனார்: அதத் தேய் எண்டுதான்.

உதயரூபன்: அதத்தானே செஞ்சன்!

அசனார்: அதுவும் சரிதான். அப்ப வட்டம் போட்ட மூதேவியத்தான் அனுப்போணும்.

உதயரூபன்: அனுப்புங்க முதலாளி! மூளையில்லாத மாடு! என்ர கையில அம்பிட்டா...

கேதீஸ்வரி: கொஞ்சம் வாய மூடுங்க.

உதயரூபன்: ஏன் மூடோணும்? ஆரெண்டு கண்டுபிடிக்காம விடமாட்டன்! நீயும் சொல்லன் கேதீஸ்!

அசனார்: புள்ள, உனக்கு ஆரெண்டு தெரியுமா?

கேதீஸ்வரி: முதலாளி... எங்க ரெண்டு பேர்ல ஆர அனுப்பினாலும் ஒரே வீட்டுக்குத்தான். இந்த மனிசன் மொட்டில கைவைக்கக் கூடாதெண்டுதான் வட்டம்... இஞ்சாருங்க, என்ர கையில இரிந்தது பிட்டு மா இல்ல.