ஒரு நாள் மட்டும் மாத்திக்கலாம்

தூங்கிடக் கூடாது. காஸ்ட் அக்கவுண்டிங்ல இன்னும் ரெண்டு பாடம் இருக்கு... தூங்கிடக் கூடாது.

வேனின் கடைசி சீட்டில் அருணாதேவி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை மூன்று மணி. கீழ்பென்னாத்தூர் சாலை. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடி. மற்ற பெண்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள்.

"என் சித்தி பொண்ணு அருணாவுக்கு நடந்ததுடி" என்றாள் சந்திரகலா. எங்கள் ஹாஸ்டலில் கரண்ட் போயிருந்தது. ஒரே போர்வைக்குள் நான்கு பேர்.

"உன் சித்திக்கு ரெண்டும் பையன்னு சொன்னே?" என்று சினேகா சீண்டினாள்.

"இது சின்ன சித்தி. கேக்கறியா, போய்த் தூங்கறியா?"

நாங்கள் கேட்டோம்.

அருணாவும் அவள் தோழி வேதாவும் பகலில் பி.காம். படித்தார்கள். இரவில் வேங்கிக்காலில் ஒரு கால் சென்டர். போனில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், நான்சி. எந்த நான்சி என்று அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும்? ஒருத்திக்குப் பரீட்சை வந்தால், மற்றவள் அவளுடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். சீட்டில் ஆள் இருந்தால் சரி, சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்படித்தான் ஒரு நாள், "நீ படிடி, நான் பாத்துக்கறேன்" என்று வேதா போனாள். திரும்பும்போது வேன் புளியமரத்தில் மோதியது.

அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்கள். எடுத்தது அருணா.

"அருணாதேவி வீடுங்களா? மனசத் தேத்திக்கங்க..."

அவள் அடுத்த ஊரிலிருந்த வேதா வீட்டுக்கு ஓடினாள். வேதாவின் அம்மா ராஜம்மாள் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா, வேன் லேட்டா?"

நான்கு மாதம் ஆகிறது. அருணா அதே வேலையில்தான் இருக்கிறாள். வேதாவின் தெருமுனையில் புது டிரைவர் மூர்த்தி ஹாரன் அடிப்பதில்லை. ஆனாலும் வேன் சத்தம் கேட்டதும் அந்த வாசலில் விளக்கு எரியும்.

கடைசி சீட்டில் அருணா தனியாக இருந்த அன்றைக்கு அந்த முனையில் வேன் நின்றது.

"டயர்ல காத்து கம்மியா கீது. இரும்மா, பாத்துட்டு வரேன்." மூர்த்தி இறங்கினார்.

சரக்... கதவு நகர்ந்தது. பக்கத்துச் சீட்டின் ரெக்ஸின் மெல்ல அமுங்கியது. டெட்டால் வாசனை. அதற்குள்ளே, வேதா தொண்டைக்காக எப்போதும் சப்பும் சூட மிட்டாய் வாசனை.

"அருணா... எங்கம்மா இன்னும் தூங்கல பாரு. ஒரு நாள் மட்டும் மாத்திக்கலாம்டி. நான் எறங்கி வீட்டுக்குப் போறேன். நீ இங்க இரு."

அருணா திரும்பவில்லை. பயம்கூட வரவில்லை அவளுக்கு. கேட்டது நியாயம் என்று பட்டதுதான்... அதுதான் தாங்கவில்லை. எத்தனை நாள் தூக்கம் உடம்பில் கிடக்கிறது! சும்மா கண்ணை மூடிக்கொண்டால் போதும், அந்த மாற்றம் நடந்துவிடும். தெருக் கோடியில் விளக்கடியில் ராஜம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஊரில் தன் அம்மாவும் இந்நேரம் எழுந்து விளக்கைப் போட்டிருப்பாள்.

பின்கழுத்தில் குளிர்ந்த விரல்கள். அட்டையின் நாடா மெதுவாக மேலே ஏறியது... காதைத் தொட்டது...

அருணா அதைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

"மாட்டேன்டி, வேதா."